செல்வி நிறுத்திய மெஷின்

இன்று காலை துடியலூர் பேக்கரி ஒன்றில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் பட்டறைக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க மேடம், பட்டறை ஆளுகளுக்கு நீங்க நடத்தற ஞாயித்துக்கெழமை கிளாஸை நிறுத்திப்போடுங்க. அங்க டிராயிங் படிக்கக் கத்துக்கிட்டு வந்து, எங்க செல்வி ஷாஃப்ட் டிராயிங்குல அளவு தப்புன்னு மெஷினையே நிறுத்திப்போட்டா. லேத் ஓட்டறவளுக்கு எதுக்குங்க இத்தனை படிப்பு?"

போனில் அந்த டிராயிங்கைக் காட்டினார். ஷாஃப்டின் மூன்று பகுதிகளின் நீளத்தையும் கூட்டிப் பார்த்தேன். மொத்த நீளம் என்று போட்டிருந்ததைவிட ஐந்து மில்லிமீட்டர் அதிகம்.

மூலையில் வரைந்தவர் பெயர் இருந்தது. என் பெயர்.

"செல்வி சொன்னது சரிங்க. தப்பா வரைஞ்சது நானுங்க. அவ நிறுத்தலீன்னா அத்தனை ஷாஃப்டும் பழைய இரும்புக்குத்தான் போயிருக்குமுங்க."

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கே இது கௌரவக் குறைச்சல் இல்லீங்களா மேடம்?" என்றார்.

இல்லை. வாரமெல்லாம் வரைகிறேன், ஞாயிற்றுக்கிழமை அதில் தப்புப் பிடிக்கக் கற்றுத் தருகிறேன். இரண்டையும் விடுவதாக இல்லை.

வரும் ஞாயிறும் வகுப்பு உண்டு. பாடம், என்னுடைய அந்த டிராயிங். நடத்தப்போவது செல்வி.

இன்ஜினியர் நண்பர்களே, உங்கள் டிராயிங்கையும் அனுப்புங்கள். தைரியம் இருந்தால்.