துவக்குக் குழலுக்குள் தேன்மெழுகு

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, அவருடைய துவக்கை எடுத்துவந்து முற்றத்து வேப்பமரத்தின் கீழ் சாக்கை விரித்துக் கழற்றினேன். செத்த வீட்டில் நான் அழவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கதை கதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல வருடங்களுக்கு முன் பிரசவத்தில் என் மனைவியும் பிள்ளையும் போன அன்றோடு எனக்குள் ஏதோ மரத்துவிட்டது. அதன்பிறகு வயலுக்குப் போவேன், போட்டதைச் சாப்பிடுவேன், படுப்பேன். அவ்வளவுதான்.

வவுனியாவுக்குக் கிழக்கே, காட்டோரத்தில் எங்கள் வயல். கதிர் பால்பிடிக்கும் நேரம் பார்த்துப் பன்றிகள் வந்து உழுதுவிட்டுப் போகும். பயிர்க்காவலுக்கென்று அப்பா அனுமதி எடுத்து வைத்திருந்த துவக்கு அது. வெள்ளைக்காரர் காலத்தது. ஒரு தரம் ஒரு தோட்டாதான் போடலாம். சண்டைக் காலம் முழுக்கப் பொலிசில் கிடந்து திரும்பி வந்தது. இனி அனுமதியை என் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு முதல் துவக்கைச் சீர்செய்து வைப்போம் என்றுதான் இறங்கினேன்.

அப்பா அதை ஞாயிறு தவறாமல் துடைப்பார். பிடிக்கட்டைக்கு எண்ணெய் பூசிப் பூசி முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார். ஆனால் பன்றி வந்தால் யானை வெடிதான் கொளுத்திப் போடுவார். பக்கத்து வயல்காரர் விடுவாரா? "அண்ணையின்ரை துவக்கு வீட்டோட மாப்பிள்ளை. உடுப்பு மட்டும் பளபளப்பு, வேலைக்குப் போகாது" என்பார். நானும் ஒப்புக்குச் சிரித்துவைப்பேன். அப்பா பதிலுக்கு, "பண்டிக்கு வெடிச் சத்தமே காணும்" என்றுவிட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கம்பியின் நுனியில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டேன். ஒரு சாண் போய் நின்றுவிட்டது. துருவாயிருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற வைத்தேன். அடுத்த நாளும் அசையவில்லை. கம்பியைத் திருகி இழுத்தபோது நுனியில் மஞ்சளாக எதுவோ ஒட்டி வந்தது. மணந்து பார்த்தேன். தேன்மெழுகு.

குழலை வெயிலில் காய வைத்துவிட்டு மறுபக்கத்தால் குத்தினேன். மெழுகும் துணியுமாக உருண்டு இறுகிய ஒரு கட்டி சாக்கில் விழுந்தது. துணி அப்பா இடுப்பில் கட்டும் நீலக்கட்டம் போட்ட சாரத்தின் துண்டு. குழலை வானத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சுற்றிச் சுற்றிப் போக வேண்டிய வரிகள் பாதிக்கு மேல் இல்லை. அடைப்புக்குள் ஈரம் நின்று, துரு தின்று, அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. இனி இதால் சுட முடியாது.

"அம்மா, இதுக்குள்ள ஆர் மெழுகு அடைச்சது?"

குசினியில் சோறு வைத்துக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்தபடி வந்தார். சாக்கில் கிடந்த கட்டியைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"கொப்பாதான்."

"அவருக்கென்ன விசரோ? நல்ல துவக்கைப் பழுதாக்கிப்போட்டார்."

"பழுதாப்போகும் எண்டு தெரிஞ்சுதான் அடைச்சவர். அவளும் பிள்ளையும் போன மாரியில நீ இதை மடியில வைச்சுக்கொண்டு இருந்தனி. சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பேல்லை. கொப்பா வந்து மெல்லமா வாங்கிக்கொண்டு போனவர். அடுத்த நாள் விடிய மெழுகு உருக்கினவர்."

"பொலிசில குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா ஏன் எண்டு ஊர் கேக்கும். உன்ரை பேர் அடிபடக் கூடாது எண்டவர்."

அந்தப் பின்னேரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மடியில் அதன் பாரம் இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

வேலையைத் தொடர்ந்தேன். கம்பித் தூரிகையால் குழலுக்குள் தேய்த்துவிட்டுத் துணி விட்டு இழுத்தேன். துணி கறுப்பாக வந்தது, பிறகு செம்மண் நிறமாக வந்தது. அம்மா எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த மணம் வந்தது.

"அம்மா, சோறு அடிப்பிடிக்குது."

"பிடிக்கட்டும்."

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பருக்கை சிந்தினாலும் சண்டைக்கு வரும் மனுசி. அவருடைய கண் என் முகத்தில் இல்லை. குழலைப் பிடித்திருந்த என் கையில் இருந்தது. அடைப்பு எடுபட்ட நேரத்திலிருந்து அவர் என்னைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடம் அப்பா பார்த்த காவல் அது. எனக்குப் பயமாக இருந்தது. எனக்காக அல்ல, அம்மாவுக்காக. எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒன்றை உணர்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மெழுகுக் கட்டி வெயிலில் இளகிக் கிடந்தது. எடுத்து, அப்பாவின் சாரத் துண்டோடு சேர்த்து உருட்டி, குழல் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். கம்பியால் இடித்து உள்ளே இறக்கினேன்.

"இனிப் போய்ச் சோத்தை இறக்குங்கோ."

அம்மா என் தோளைப் பிடித்து எழும்பினார். அன்று அடிப்பிடித்த சோற்றைத்தான் இருவரும் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தேன். என் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. வரும் வழியில் யானை வெடி வாங்கினேன்.