நிமிஷத்தின் வலது கால்

என் மனைவி பஸ் ஓட்டுகிறவள். நான் தையல்காரன். அவள் ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோமீட்டர் போய் வருவாள். நானோ காலையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். இப்படிப்பட்ட இரண்டு பேர் பதினாறு வருஷம் பெரிய சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தினோம் என்றால், பகலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காததுதான் காரணம். டெப்போவில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘நிமிஷம்’. எட்டு பத்து என்றால் எட்டு பத்துக்கு வண்டி நகரும். ஓடி வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. ஆனால் ஏறினவர்களை அவள் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கொண்டுபோய் இறக்குவாள். அவள் போட்ட பிரேக்கால் வண்டிக்குள் ஒருத்தரும் விழுந்ததில்லை. பதினாலு வருஷக் கணக்கு அது. அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் குரல் ஒரு படி ஏறும்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் வீட்டு ஆனைக்குச் சறுக்கியது டெப்போவில், பஸ் கழுவுகிற இடத்தில். அன்றைக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து விட இரண்டு நிமிஷம் தாமதமாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட, கடைசிப் படியில் இறங்காமல் குதித்திருக்கிறாள். கீழே சோப்புத் தண்ணீர். வலது கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்தது. மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை செய்து, உள்ளே ஒரு தகடும் எட்டு திருகாணியும் வைத்தார்கள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சொல்ல நான் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவள், என்னைப் பார்த்து, “மணி என்னங்க?” என்றாள். மணியைச் சொன்னேன்.

எலும்பு டாக்டரம்மா ஆறு வாரம் கால் தரையில் படவே கூடாது என்றார். டெப்போவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினாலு வாரத்துக்குள் வந்து பிரேக் சோதனையில் தேறினால் அதே வண்டி, அதே ரூட். தேறாவிட்டால் அவள் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவள் விசாரணை ஜன்னலில் உட்கார வேண்டியதுதான். மறுபடி ஓட்டுநர் இடம் எப்போது காலியாகிறதோ, அது ஒரு வருஷமோ ஐந்து வருஷமோ, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

“ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, பஸ் எப்ப வரும்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்றதுக்கா நான் பொறந்தேன்?” என்று கடிதத்தை என் மடியில் போட்டாள். நான் அப்போது ஒரு கால்சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். கடிதத்தோடு சேர்த்துத் தைத்திருப்பேன், அவ்வளவு பக்கத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு என் வீடு என் வீடாக இல்லை. முன்னறையில்தான் என் மெஷின் இருக்கிறது. அங்கேதான் வெளிச்சம் என்று அவள் கட்டிலும் அங்கேயே வந்தது. தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் என் வேலையை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தாள். “பத்து நாப்பதுக்கு முடிச்சிடுவேன்னீங்க. இப்ப பத்து அம்பது.” “அந்தக் கத்தரிக்கோலை அஞ்சு தடவை தேடிட்டீங்க. ஒரே இடத்துல வச்சா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?” ஒரு நாள் நான் பொத்தான் வாங்கப் போன நேரம் பார்த்து, என் நூல்கண்டுகளையெல்லாம் கட்டிலில் கொட்டி நிறவாரியாக அடுக்கிவிட்டாள். நான் அவற்றை வைத்திருந்தது துணி ரகவாரியாக. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கறுப்பு நூல் ஆறு தினுசு, அவற்றைப் பிரித்தெடுக்கவே எனக்கு ஒரு பகல் போயிற்று. என் மரஸ்கேல் காணாமல் போய் இரண்டு நாள் தேடினேன். கடைசியில் அது அவள் மாவுக்கட்டுக்குள் இருந்தது. அரிப்பாம்.

எங்கள் தெரு முனையில்தான் அவளுடைய பஸ் நிற்கும். அவளுக்குப் பதிலாக ஓட்டுகிறவர் ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கிற பெரிய மனிதர். பிரேக் சத்தத்தை வைத்தே அவருக்கு ‘உலக்கை’ என்று பெயர் வைத்தாள். வண்டி வரும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவாள். முனையில் பிரேக் கிறீச்சிடும்.

“கேட்டீங்களா? உலக்கையால குத்தற மாதிரி குத்தறாரு. உள்ளே நிக்கறவங்க குடல் வெளியே வந்திருக்கும்.” உடனே டெப்போவுக்குப் போன். “நிமிஷம் பேசறேன். நம்ம வண்டி இன்னிக்கு நாலு நிமிஷம் லேட்டு.” நான்காவது வாரம் அவர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. இவள் எப்போதடா கிளம்புவாள் என்று நாளை எண்ணினேன். அவள் எனக்கும் ஒரு படி மேலே போய், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள்.

ஆறாவது வாரம் டாக்டரம்மாவைப் பார்க்க டாக்ஸியில் போனோம். மாவுக்கட்டு போய், முழங்கால் வரை வரும் கனமான பூட் ஒன்று அதன் இடத்துக்கு வந்திருந்தது. பின்னால் உட்கார் என்று சொன்னேன். “பின்னாடி உக்காந்தா எனக்குக் கொமட்டும்” என்று முன்னால் ஏறினாள். பாதி வழி வரை டாக்ஸிக்காரருக்குப் பாடம் நடந்தது. பக்கக் கண்ணாடி சரியில்லை, சிக்னலுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டாமா, ஒரு கையால் ஓட்ட இது என்ன ஊஞ்சலா. அவர் பாவம், ரேடியோவைக் கூட்டிவைத்தார். அப்போது ஒரு சந்திலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. டாக்ஸிக்காரர் சமாளித்துவிட்டார். என் மனைவியும் பிரேக் போட்டாள். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் பிரேக்கே கிடையாது என்று அவள் காலுக்கு யார் சொல்வது? பூட்டோடு சேர்த்து, முழு பலத்தோடு, தரையில் ஒரு மிதி.

அவள் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

“இதை உள்ளே சொல்லக் கூடாது. சொன்னீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். எலும்பு கூடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கணுக்கால் காலையில் இருந்ததைவிட வீங்கியிருந்தது. “காலை எங்கேயாவது ஊனினீங்களா?” என்று கேட்டார்.

“இல்லையே” என்றாள் என் மனைவி. கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கால் அவளுடையது, வேலை அவளுடையது, கெடு அவளுடையது. ஆனால் அந்த வீக்கத்தைப் பார்த்தேன். “டாக்ஸில பிரேக் போட்டா டாக்டர்” என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டு, இன்னும் இரண்டு வாரம் கால் தரையில் படக் கூடாது என்று எழுதினார். பதினாலில் எட்டு போனால் மிச்சம் ஆறு.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. தையல் மெஷினோடு பேசினாள். “இந்த மெஷினுக்குச் சொந்தக்காரர் சாப்பிட வரலாமாம்.” “இந்த மெஷின்காரர் ஊர்ல இருக்கற டாக்டருக்கெல்லாம் சேதி சொல்றவராம்.” நான்காம் நாள் நானே தாங்க முடியாமல், “உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்” என்றேன். “என் நல்லது எனக்குத் தெரியாதா?” என்றாள். ஆனால் அதை மெஷினைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த மட்டில் சரி என்று விட்டுவிட்டேன்.

எட்டாவது வாரம் முடிந்ததும் பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். சின்னப் பெண், ஆனால் என் மனைவியையே அதட்டினாள். எடை பார்க்கிற மெஷினைத் தரையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது காலால் அதை அமுக்க வேண்டும். முள் இன்றைக்கு ஐந்து கிலோவைத் தொட்டால் போதும், நாளை மறுநாள் ஏழு. பத்து தடவை. அவள் படியிறங்கிப் போனதும் என் மனைவி முப்பது தடவை அமுக்குவாள். மறுநாள் கால் பூசணிக்காயாக இருக்கும்.

“அக்கா, மூணு மடங்கு பண்ணா மூணு மடங்கு சீக்கிரம் சரியாயிடாது. எலும்புக்கு டைம்டேபிள் கிடையாது” என்றாள் அந்தப் பெண்.

“எனக்கு இருக்கே” என்றாள் இவள்.

பத்தாவது வாரம் ஊன்றுகோலோடு தெரு முனை வரை நடந்தாள். பதினொன்றில் ஒற்றைக் கைத்தடி. பன்னிரண்டில் அதையும் கதவுக்குப் பின்னால் வீசினாள். மாடிப்படி இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்வாள். நான் பார்த்தால் கையை எடுத்துவிடுவாள். சோதனைக்கு முந்தின வாரம், சாப்பிடும் மேஜைக்கு அடியில் அவள் வலது கால் ஓயாமல் இடப்பக்கம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு, பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்கு. குழம்புப் பாத்திரம் நடுங்கும். நான் அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பதினாலாவது வாரம், கடிதத்தில் போட்டிருந்த கடைசி நாளன்று, டெப்போவுக்குப் போனோம். சோதனை அதிகாரி நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். பின்பக்கத்துக் காலி மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும், அவர் சிவப்புக் கொடியைத் தூக்கியதும் கோட்டுக்கு முன்னால் வண்டி நிற்க வேண்டும். மூன்று தடவை. என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நான் கோட்டுக்கு நேராக நின்றேன். உலக்கையாரும் ஒரு டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார். பார்க்க சாதுவாகத்தான் இருந்தார்.

முதல் தடவை வண்டி வந்தது, கொடி ஏறியது, நின்றது. கோட்டுக்கு நாலு முழம் முன்னால். அலுங்காமல் நின்றது. எனக்கே கை தட்டத் தோன்றிற்று. இரண்டாவது தடவை இரண்டு முழம். மூன்றாவது தடவை கோட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஜாண்தான் இருந்தது.

அதிகாரிக்குக் கோடுதான் கணக்கு. மூன்று தடவையும் கோட்டைத் தாண்டவில்லை. “நல்லா இருந்ததும்மா” என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். உலக்கையார், “நிமிஷம்னா நிமிஷம்தான்” என்றார். ஆனால் எனக்கு அளவு தெரியும். ஆளைப் பார்த்தே கழுத்தளவு சொல்கிறவன் நான். நாலு முழம், இரண்டு முழம், ஒரு ஜாண். டாக்டரிடம் வாயைத் திறந்த அதே ஆள், இங்கே வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். தேறிவிடட்டும் கடவுளே, தேறிவிடட்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அவள் சீட்டிலிருந்து இறங்கினாள். படிப்படியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

“சார், எழுதாதீங்க.”

“ஏன்மா?”

“மொதத் தடவை கால் தானா போச்சு. ரெண்டாவது தடவை வலிக்குமேன்னு யோசிச்சுது. மூணாவதுக்கு நான்தான் அதைத் தள்ளினேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை பிரேக் போடணும் சார். மூணுக்கே இப்படின்னா, சாயங்காலம் ஸ்கூல் விடற நேரத்துக்கு என்ன ஆகும்?”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“இன்னிக்குத்தான் கடைசி நாள். இப்ப எழுதலைன்னா வண்டி போயிடும்மா. ஜன்னல்தான். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, தேறவில்லை என்று எழுதினார். அவள் வாங்கிப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். உலக்கையாரிடம் போய், “வண்டி கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், பாத்துக்குங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் டீயைக் குடிக்க மறந்து தலையாட்டினார்.

வாசலுக்குப் போகிற வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. “யாரும் பாக்கலையே. ரெண்டு வாரத்துல சரியாயிடுமே. பேசாம இருந்திருக்கலாமே?” என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

“உள்ளே நிக்கறவங்கள்ல பாதிப் பேர் கம்பியைக்கூடப் பிடிக்க மாட்டாங்க” என்றாள். “போனைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. நான் ஓட்டறேன்னு.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. டெப்போ சுவரை ஒட்டியிருந்த சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து அழுதாள். கால் உடைந்தபோது அழவில்லை, திருகாணி போட்டபோது அழவில்லை, டாக்ஸியில் மிதித்தபோதுகூட அழவில்லை. இப்போது வாய்விட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, மணி கேட்கவில்லை. பதினாலு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. எனக்குத்தான் ஒரு நிமிஷம்கூட அங்கே உட்கார முடியவில்லை.