நாலாவது வாலிலும் தாளத்தைக் காணோம்

என் வீட்டுக்காரருக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, வெற்றிலைகூட இல்லை. அதை வைத்து எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். அடி போங்கடி, அந்தக் கறுப்புப் பெட்டியோடு அவர் உட்கார்ந்திருக்கும் ஒரு பௌர்ணமி போயா லீவு நாளில் இந்த வீட்டில் குடும்பம் நடத்திப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பெட்டி என்றால் பெரிய பெட்டி இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கும் பாட்டுப் பெட்டி. துபாயில் வேலை செய்யும் என் தம்பி தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டதும் பழையதை மச்சானுக்கு என்று கொண்டுவந்து கொடுத்தான். போனில் பாட்டுக் கேட்பதற்கும் இதில் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். இதில் ஒரு விசேஷம் உண்டு. அடியில் இருக்கும் இரண்டு பொடி ஆணியைக் கழற்றினால் கீழ்த்துண்டு தனியாக வந்துவிடும், அந்த இடத்தில் வேறு துண்டைப் பூட்டலாம். பாட்டுக்குப் பலம் கொடுக்கும் ஆம்ப் அந்தத் துண்டுக்குள்தான் இருக்கிறது. ஹெட்போன் குத்துவதும் அதில்தான். துண்டு மாறினால் பாட்டின் குணமே மாறிவிடும். அவர் அதை ஆம்ப் மாடியூல் என்று மரியாதையாகச் சொல்வார். பல்லிவால் மாதிரிக் கழன்று வருவதால் நான் வால் என்பேன்.

தம்பி கொடுத்தபோது ஒரு வால்தான் இருந்தது. மனுசன் சும்மா இருப்பாரா? கொழும்பில் ஒருவரிடம் சொல்லி வைத்து இன்னொன்று, அப்புறம் தம்பியை நச்சரித்து மூன்றாவது. ஒன்று காதுக்குள் செருகும் சின்ன ஹெட்போனுக்கு, ஒன்று பெரிய ஹெட்போனைத் தள்ளுவதற்கு, மற்றது இரண்டுக்கும் நடுவில். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் வீடு தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தேயிலை பெக்டரியை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அவர் அங்கே மிஷின் ஃபிட்டர். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வேன். பத்துப் பதினைந்து குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் எது பசி அழுகை, எது தூக்க அழுகை என்று எனக்குத் தெரியும். அதனால் வால்களை ஒப்பிடும் பஞ்சாயத்துக்கு என்னை ஜட்ஜ் ஆக்கிவிட்டார்.

"இந்தா, இப்படி உக்காரு. ஒனக்குத்தான் காது சுத்தம்."

ஒரே பாட்டு, ஒரே ஹெட்போன். பெட்டியை அணைத்து, ஆணி கழற்றி, வால் மாற்றி, ஆணி முறுக்கி, திரும்பவும் பெட்டியை எழுப்புவார். சத்தம் கூடியதுதான் காதுக்கு நல்லதாகப் படும், அது ஏமாற்று, ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவில் வைக்க வேண்டும் என்பார். அதற்குள் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிடும்.

"எப்படி இருக்கு?"

"இது பால் தேத்தண்ணி மாதிரி இருக்குங்க. வழுவழுன்னு."

"மத்தது?"

"பால் இல்லாத பிளேன்டி. எல்லாம் தெளிவாத்தான் இருக்கு, கொஞ்சம் கசக்குது."

"மூணாவது?"

"சீனி கூடிப்போச்சு. ஐயோ, நான் எந்திரிச்சுப் போகட்டுமா?"

விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் உட்கார்ந்திருப்பேன், பொய் சொல்வானேன்.

ஒப்பிட அவர் எடுப்பது எப்போதும் எங்கள் மாரியம்மன் கோயில் மார்கழி பஜனை. ஒரு வருடம் கோயிலுக்குள் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்து அவரே பதிவு செய்தது. ஒரு அண்ணன் பாடுகிறார், ஆர்மோனியமும் டோலக்கும் போகின்றன, பித்தளைக் கைத்தாளம் தட்டுவது நான். பதிவு செய்த புதிதில் அதைக் கேட்டுவிட்டு, "ஏன்டி, பாட்டுக்குத் தட்டுனியா, இல்ல என் காதுல ஊசி குத்துனியா?" என்று ஒரு மாதம் கிண்டல் பண்ணினார்.

அதே மனிதர்தான் ஒரு போயா அன்று மூன்றாவது வாலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுல ஒன் தாளத்தக் காணோமே. மத்த ரெண்டுலயும் அப்படித்தான். டோலக் வருது, குரல் வருது, தாளம் மட்டும் எங்கேயோ போயிடுச்சு. வாலெல்லாம் சரியில்ல."

அப்போதுதான் அதே வாலில் அதே பாட்டை நான் கேட்டு முடித்திருந்தேன். தாளம் மணி மணியாக இருந்தது. மூன்று வாலிலும் இருந்தது.

அந்தக் கணத்தில்தான் மற்றதெல்லாம் எனக்கு உறைத்தது. குக்கர் விசிலடித்தாலும் அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என் போன் அவர் கைக்குப் பக்கத்தில் அடித்து ஓயும். திமிர் என்று நினைத்து நான் கத்தியிருக்கிறேன். ஸ்டோரில் கொழுந்தை உருட்டும் ரோலர்களுக்கு நடுவே, காதுக்கு ஒன்றுமே மாட்டாமல், இத்தனை வருசம் நின்ற மனுசன். ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடும் மிஷினில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தி, எந்தப் பெயாரிங் போகப்போகிறது என்று சொல்கிறவர். அந்தக் காதை வைத்துத்தான் அங்கே அவருக்கு மரியாதை. அந்தக் காதை வைத்துத்தான் வீட்டில் இந்தச் சந்தோசமும். அது போய்விட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

"ஆமாங்க, எனக்கும் சரியா கேக்கல" என்றேன்.

"பாத்தியா! நான் சொல்லல?" என்றார், முகமெல்லாம் வெளிச்சமாக. அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டு நாலாவது வாலுக்குச் சொல்லிவிட்டார். அது மேல்சத்தத்தைத் துல்லியமாகத் தருமாம். நான் வெங்காயம் உரிக்கப் போனேன்.

அந்த வால் வந்துசேர்வதற்குள் மடுவத்தில் ஒரு குழந்தைக்குக் காதில் சீழ் வடிந்தது. தாய்க்குத் துணையாகப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். காது டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனுசன். குழந்தைக்கு மருந்து எழுதி முடித்ததும், தாயை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கதவடியில் நின்று என் வீட்டுக்காரர் விசயத்தைக் கேட்டேன்.

"எவ்வளவு காலமா மெசினுக்குப் பக்கத்தில நிக்கிறார்?"

"எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்குறேன் சார். அதுக்கு முன்னாலயும்."

"ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம். போனது திரும்பி வராது அம்மா, அது நரம்பு. கதைக்கிறது விளங்கக் காதில போடுற மெசின் குடுக்கலாம். நீங்கள் சொல்லுற அந்தத் தாளம் பழையபடி கேக்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை அழுகையாக வந்தது. பக்கத்தில் அந்தத் தாய் வேறு, "அக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆகாதும்மா, ஆகாதும்மா என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கு அப்படிச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

வீட்டில் மெதுவாகத்தான் பேச்செடுத்தேன். "ஏங்க, ஒரு தடவ காது டாக்டர்கிட்டப் போய்ட்டு வருவமா?"

"எதுக்கு? எனக்கு என்ன கேடு? நாலாவது வால் வரட்டும், நீயே பாரு."

எனக்கும் கேட்கவில்லை என்று சொன்னவள் நான்தானே.

வால் வந்தது. அடுத்த போயா அன்று, சாப்பாடு முடிந்த கையோடு, சின்ன ஆணிகளை ஒரு தட்டில் எடுத்துவைத்துப் பூட்டினார். பஜனையைப் போட்டார். ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்திக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாரியாத்தா, ஒரே ஒரு தட்டாவது கேட்கட்டும் என்று வேண்டினேன். வாலுக்கும் மாரியம்மனுக்கும் என்ன சம்பந்தம்? வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அவர் சத்தத்தைக் கூட்டவில்லை, வாலைத் திட்டவுமில்லை. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீ கேளு. கண்ண மூடிக்கிட்டுக் கேளு."

கேட்டேன். அம்மாடி, என்ன வால் அது! பித்தளையோடு பித்தளை உரசி, சத்தம் சுருண்டு போய் அடங்குவதுகூடத் தெரிந்தது. கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், முகத்தில் ஒன்றையும் காட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வலது கை முழங்கால்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பஜனையில் வளர்ந்த யாரும் அப்படித்தான், தாளம் காதில் விழுந்தால் கை தானாகப் போகும், வாயைக் கட்டலாம், கையைக் கட்ட முடியாது. அது அவருக்கும் தெரியும். இவள் பொய் சொல்கிறாளோ என்று எப்போதிருந்து சந்தேகப்பட்டாரோ, எனக்குத் தெரியாது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது.

"எல்லா வாலுலயும் கேட்டுச்சா?" என்றார்.

ஆமென்று தலையாட்டினேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், டாக்டர் சொன்னதைக் கொட்டியிருப்பேன், ஒரு பாரம் இறங்கியிருக்கும். அவர் கொஞ்ச நேரம் ஆணித் தட்டையே விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்போனை என் தலையிலிருந்து எடுத்துத் தான் மாட்டிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து போட்டார். இடது உள்ளங்கையை என் முன்னால் விரித்தார்.

"தட்டு."

"என்னங்க?"

"நான் பாட்டக் கேக்குறேன். நீ தாளத்த இதுல தட்டு."

ஹெட்போன் அவர் காதில். எனக்குப் பாட்டு கேட்கவில்லை. எங்கே ஆரம்பித்தது, எங்கே போகிறது, ஒன்றும் தெரியவில்லை. அவர் உதட்டைப் பார்த்து, குத்துமதிப்பாக, கிரீஸ் படிந்த அவருடைய கறுத்த உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினேன். கீழே பார்த்தால், டோலக்குக்கு ஏற்றபடி அவர் கால் தரையில் ஒரு கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. என் விரல் வேறு கணக்கில் விழுந்தது. மாற்றிப் பார்த்தேன். அப்போதும் சேரவில்லை.

"சரியா இருக்காங்க?" என்று அவர் கண்ணைப் பார்த்து, வாயை நன்றாக அசைத்துக் கேட்டேன்.

"அப்படியே இருக்கு. நிறுத்தாத" என்றார்.