தாடைக்குப் போன கை

1. கிட்டங்கி

என் உத்தியோகம் தும்மலோடு தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கப்பல்கள் பழையபடி வரத் தொடங்கிய சமயம். தூத்துக்குடிக் கடற்கரையோரம் ஒரு நிலாவரைக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். நிலாவரை என்பது பேதி மருந்துக்கான இலை. காயவைத்து, சலித்து, தரம் பிரித்து, பேல் என்னும் பெரிய மூட்டைகளாகக் கட்டிச் சீமைக்கு அனுப்புவோம். அங்கே யாரோ ஒரு துரைக்கு வயிறு சுத்தமாவதற்காக இங்கே எங்களுக்கு நெஞ்சடைத்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. கிட்டங்கித் தூசியில் அது வளர்ந்து பெரிய மனுஷனாகிவிட்டது. மாதத்தில் ஒரு தடவையாவது படுக்கையில் விழுவேன். படுக்கை என்று பெயர்தானே தவிர படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலாளி உடன்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் கடல் சத்தம் கேட்காது. மூன்றாவது முறை நான் படுத்து எழுந்து வந்தபோது சொன்னார்: "ஏலே சுடலமுத்து, கணக்கு எழுத ஆளு வேணும்னு ஒன்னைய வச்சா, ஒன்னையப் பாக்க ஒரு ஆளு வேணும் போலுக்கே. இன்னொருக்கப் படுத்தேன்னா ஊரப் பாத்துப் போயிரு, சொல்லிட்டேன்."

அவர் மேல் தப்பில்லை. ஆனால் அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தில்தான் அடுப்பு மூட்டினார்கள். அந்த வேலை போனால் வேறு வழியே கிடையாது.

2. டாக்டர் கேட்ட கேள்வி

இழுப்புக்கு வைத்தியம் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. ஒருவர் ஆடாதோடைக் கஷாயம் என்பார், இன்னொருவர் ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகை பிடி என்பார். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் எபிட்ரின் மாத்திரை கொடுத்தார்.

"இது இழுப்பு முத்தின பொறவு போடுறதுக்கில்ல. லேசாத் தொடங்கும்போதே போட்டுட்டு, தூசிய விட்டு வெளிய வந்து உக்காரணும். சரி, இழுப்பு வரதுக்கு முன்னால ஒடம்புல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியாது சார். திடீர்னு வந்துரும்."

"திடீர்னு வராது. நல்லாக் கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் கிட்டங்கியில் இலை சலிக்கும் பெண்களுக்குத் தலைவி மாடத்தி அக்கா. மறுநாள் தராசடியில் நின்று அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இதத்தான தம்பி நாங்க தெனமும் பேசிக்கிடுதோம்! ஒங்களுக்கு இழுப்பு வாரதுக்கு முன்னால கை தாடைக்குப் போயிரும். சொறி சொறின்னு சொறிவீங்க. மக்யா நாளு நீங்க வரமாட்டீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தாடையைச் சொறிந்தால் அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து முணுமுணுப்பது வழக்கம். சரியாக முளைக்காத என் தாடியைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து எத்தனை நாள் முறைத்திருக்கிறேன்! விஷயம் வேறு. நான் வராவிட்டால் அவர்கள் சலித்த இலையை நிறுக்க ஆள் கிடையாது, கூலி தள்ளிப்போகும். அதனால் கடலுக்குப் போகிறவர்கள் மேகத்தைப் பார்ப்பதுபோல் அவர்கள் என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3. தோணி காத்திருந்த நாள்

அந்த வாரமே சோதனை வந்தது. கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருந்தது. சரக்கை அதனிடம் கொண்டுபோகும் தோணிகள் கடலுக்குள் நீண்ட சரக்குப் பாலத்தடியில் காத்துக் கிடந்தன. ஒவ்வொரு பேலாக நிறுத்து, மார்க் போட்டு, மாலைக்குள் நான் ஏற்றிவிட்டாக வேண்டும். கச்சான் காற்று மேற்கு வாசல் வழியாகப் புகுந்து தூசியைக் கிட்டங்கி முழுக்கச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"கணக்கப்பிள்ள, கை தாடைக்குப் போயிட்டு!" என்றார் மாடத்தி அக்கா.

"இன்னைக்கு விடுங்கக்கா. கப்பல் நிக்கி."

அவர் விடவில்லை. மார்க் போடும் பிரஷ்ஷை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இப்பப் போனா சாயங்காலம் வரைக்கும் நிப்பீங்க. இப்ப நின்னா வாரம் பூரா படுப்பீங்க. போங்க வெளிய."

வெளியே போய், டீக்கடை வெந்நீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு, பாலத்துக் கல்லில் முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

"ஏலே! கப்பல் நிக்கி, நீ இங்கன காத்து வாங்குதியா?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். வாசலிலிருந்து அக்காதான் பதில் சொன்னார்: "நாந்தான் அனுப்பினேன் மொதலாளி. செத்த நேரம் இருந்தா செரியாயிரும்."

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தானே நிறுக்க உள்ளே போனார்.

"ஏளா, மொதலாளி வந்துட்டாவ, சல்லடைய எடுங்க!" என்று அக்கா குரல் கொடுப்பது கேட்டது. அன்று அந்தப் பெண்கள் சலித்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் யாரும் சலித்ததில்லை; தூசி வாசல் வரை பறந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி கண் சிவந்து, இருமிக்கொண்டே வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு திரும்பச் சற்று நேரமாயிற்று.

"இதுக்குள்ளயா தெனமும் நிக்க?"

"ஆமா அண்ணாச்சி."

"அவளுவளும்?"

"அவங்களுந்தான். அவங்களும் இருமத்தான் செய்யுதாங்க."

அவர் மேற்கு வாசலையும் கீழ்ப்புறத்துக் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். மாத்திரை வேலை செய்தது. நான் எழுந்து போய் மாலை வரை நின்று தோணிகளை அனுப்பினேன்.

மறுநாள் சலிக்கும் இடம் கீழ்ப்புறத்துத் திறந்த கொட்டகைக்கு மாறியது. கச்சான் தூசியைக் கடலுக்குக் கொண்டுபோனது. எல்லோருக்கும் மூக்கில் கட்டத் துணி வந்தது. "அவன் கை தாடைக்குப் போனா, கேக்காம வெளிய தள்ளுங்க" என்பது அண்ணாச்சி போட்ட சட்டம்.

4. பிரிவு

இழுப்பு என்னை விட்டுப் போய்விடவில்லை. மார்கழிப் பனியில் தலைகாட்டும். ஆனால் மாத்திரை மடியில் இருக்கும். வேலை முடிந்ததும் குளித்து உடுப்பு மாற்றித்தான் வீட்டுக்குள் போவேன். தாடை அரித்தால் வீராப்புக் காட்டமாட்டேன். தங்கைகள் இருவரையும் அந்தச் சம்பளத்தில்தான் கரையேற்றினேன். இழுப்பு உள்ள தம்பிமார்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கூட வேலை செய்கிறவர்களிடம் அதை மறைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாதது அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

சில வருஷம் கழித்துத் துறைமுக ஆபீசில் வேலை கிடைத்தது. கிட்டங்கியில் கடைசி நாள் அண்ணாச்சி மாலை போட்டார். பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"கை தாடைக்குப் போயிட்டு!" என்று பின்னாலிருந்து மாடத்தி அக்கா குரல்.

"இது இழுப்பில்லக்கா" என்றேன்.

"தெரியும் தம்பி. இதுக்கும் வெளிக்காத்து நல்லதுதான், வாங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் எனக்கு முன்னால் வெளியே போனார்.