தாய்மாமன் மடியும் மூன்று சீட்டும்

ஓவர்சீயர் கோமதிசங்கருக்கு வாய்க்கால் மதகானாலும் சரி, கல்யாணப் பந்தலானாலும் சரி, டேப் வைத்துப் பார்க்காமல் நம்பிக்கை வராது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இரும்பு டேப் இருக்கும். பெண் பார்க்கப் போன அன்று சித்ரலேகா காபித் தட்டோடு வந்து நின்றபோது, இவர் அந்த வீட்டு வாசல்நிலையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாராம். அவளே இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு விஷயத்தை அளக்காமல் விட்டு, பாளையங்கோட்டைத் தெருவே வேடிக்கை பார்க்கும்படி ஆனது.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். தங்கை சங்கரி மூன்று பிள்ளைகளோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். மூத்தவள் காந்திமதிக்கு நாலு வயது. அடுத்த இரண்டும் இரட்டைப் பையன்கள், ஒரு வயது நிறையவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த வாரமே பறந்துவிட்டார். மூன்று பேருக்கும் திருச்செந்தூரில் மொட்டை. மொட்டை என்றால் பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடி. கோமதிசங்கருக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அவர் மடியில் ஒரு குழந்தை உரிமையோடு உட்காரப் போவது இதுதான் முதல் தடவை. இதற்காகவே கடன் போட்டு ஒரு மாருதி எண்ணூறு வாங்கியிருந்தார். தங்கச்சி பிள்ளைகளைத் தன் காரில், தானே ஓட்டிக் கொண்டுபோய், தன் மடியில் வைத்து மொட்டை போட வேண்டும். அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

சங்கரியோ மூன்று பிளாஸ்டிக் சீட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினாள். காரில் குழந்தைகள் அதில்தான் உட்கார வேண்டும், பெல்ட் போட வேண்டும் என்றாள்.

"ஏட்டி, தாய்மாமன் மடி கல்லு மாதிரி இருக்கு. இந்தத் தொட்டி எதுக்கு?" என்று குதித்தார் கோமதிசங்கர்.

"அண்ணே, ஓடுத கார்ல மடி செல்லாது. தொட்டி இல்லன்னா பிள்ளைய மூணும் வராது" என்றாள் அவள்.

இதைக் கேட்டு ரொம்பவும் சந்தோஷப்பட்டவர் சிவசங்கரன். சங்கரியின் மாப்பிள்ளைக்கு அண்ணன், திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம், சொந்தமாக வேன் உண்டு. "மச்சான், உம்ம கார நிழல்ல போட்டுட்டு வாரும். வேன்ல இடம் தாராளமா கிடக்குவே" என்றார். கோமதிசங்கருக்கு மண்டையில் ஏறிவிட்டது. தாய்மாமன் அடுத்தவன் வேனில் தொற்றிக்கொண்டு போவதா? மூன்று தொட்டியையும் என் காரிலேயே வைத்துக் காட்டுகிறேன் என்று அங்கேயே சவால் விட்டார்.

முதல் கூத்து பெல்ட். அந்தக் காரில் பின்னால் பெல்ட்டே கிடையாது. மேலப்பாளையத்தில் சீட்டு வேலை செய்கிற அகமது மீரான், தரையில் துளை போட்டு, அடியில் இரும்புத் தகடு கொடுத்து, பெல்ட் மாட்டிக் கொடுத்தார். "அண்ணாச்சி, இனி கார் போனாலும் பெல்ட் போவாது" என்றார். கோமதிசங்கர் அதையும் அளந்து பார்த்துத்தான் கிளம்பினார்.

இரண்டாவது கூத்து சீட்டு. மூன்றையும் முன்பக்கம் பார்த்து வரிசையாக வைத்தால், தோளோடு தோள் இடித்துக் கதவு சாத்தவில்லை. இந்தப் பக்கம் தோள் கொடுத்துத் தள்ளினார். அந்தப் பக்கக் கதவு திறந்து ஒரு சீட்டு தெருவில் உருண்டது. அதை எடுத்து அங்கிருந்து தள்ளினார். இந்தப் பக்கம் ஒன்று விழுந்தது. தேங்காய் எண்ணெய் தடவித் தள்ளினார். இரண்டு விழுந்தன. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கூரைமேல் கட்டலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார்.

"அண்ணே, கைப்பிள்ளைய ரெண்டும் பின்பக்கம் பாத்துத்தான் உக்காரணும். அதுதான் கழுத்துக்கு நல்லது" என்றாள் சங்கரி.

"முருகனுக்கு முதுகக் காட்டிக்கிட்டுத் திருச்செந்தூர் போவானா ஒருத்தன்? ஏட்டி, உனக்குப் புத்தி இருக்கா?"

"வரும்போது திருநெல்வேலி வரைக்கும் அவனையே பாத்துக்கிட்டு வருவானுவல்லா?"

கோமதிசங்கருக்குக் கோபம் வந்துவிட்டது. "மடியில வச்சா எந்தப் பக்கமும் பாக்கலாம். என் பிடியில இருந்து ஒரு பிள்ளை நழுவிருமா?" என்று மறுபடியும் மடிக்கே வந்துவிட்டார்.

சங்கரி அடுக்களைக்குப் போய் இரண்டு தடியங்காயைத் தூக்கிவந்தாள். பூசணி ஜாதிதான், வெள்ளையாகச் சாம்பல் பூத்து, ஏறக்குறைய இரட்டையர் கனம் இருந்தன. கூட்டு வைக்க வைத்திருந்ததை இப்படி எடுக்கிறாளே என்று சித்ரலேகா பதறினாள். ஒன்றைத் தொட்டியில் வைத்துப் பெல்ட் போட்டார்கள். இன்னொன்றைக் கோமதிசங்கர் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். சங்கரி கல்யாணத்துக்கு முன்பே இங்கே லைசென்ஸ் எடுத்தவள். ஹைகிரவுண்ட் மைதானத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டினாள்.

"பிடிச்சிருக்கியளா அண்ணே?"

"உடும்புப் பிடிட்டி!"

அவள் பிரேக்கை மிதித்தாள். கோமதிசங்கர் மூக்கு முன்சீட்டில் இடித்தது. உடும்புப் பிடியிலிருந்த தடியங்காய் இரண்டு சீட்டுக்கும் நடுவே பறந்து, முன்னால் மோதிப் பிளந்து, விதையும் சோறுமாக வழிந்தது. தொட்டியில் இருந்த தடியங்காய் இருந்தபடியே இருந்தது.

கோமதிசங்கர் காலியான தன் கைகளைப் பார்த்தார். தடியங்காய் இருந்த இடத்தில் அவர் வேறு எதையோ நினைத்துவிட்டார். இறங்கியதும் கரகரத்த குரலில், "சங்கரி, பின்பக்கமே பாத்து வைட்டி. முருகன் ஒண்ணும் நினைக்க மாட்டான்" என்றார்.

இரட்டையர் சீட்டை இரண்டு ஓரத்திலும் பின்பக்கம் திருப்பி, காந்திமதி சீட்டை நடுவில் முன்பக்கம் பார்த்து வைத்ததும், பாயில் தலைமாற்றிப் படுத்த பிள்ளைகள் போல மூன்றும் கச்சிதமாக அடங்கின. கதவு இரண்டும் சாத்திக்கொண்டன. கோமதிசங்கர் ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. சிவசங்கரனுக்கு உடனே போன் போட்டுப் பீற்றிக்கொண்டார்.

புறப்படும் நாள் காலையில் வேன் வந்து நின்றது. கோமதிசங்கர் பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசி, ஓட்டுகிற சீட்டில் ஏறினார். ஏறினார் என்பதோடு சரி. பின்னால் திரும்பியிருக்கிற தொட்டிக்கு இடம் விட முன்சீட்டு இரண்டையும் முன்னால் தள்ளியிருந்தார்களே! காரை அளந்தார், தொட்டியை அளந்தார், பெல்ட்டை அளந்தார், தன் தொந்தியை மட்டும் அளக்கவில்லை. மூச்சை இழுத்தால் தொந்தி ஸ்டியரிங்கில் முட்டி ஹாரன் அடித்தது. விட்டால் நின்றது. எதிரே வந்த பால்காரர் ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் சாக்கடை ஓரத்துக்கே போய்விட்டார்.

"திருச்செந்தூர் வரைக்கும் மூச்சு விடாம வாரேரா மச்சான்?" என்று கேட்டார் சிவசங்கரன்.

"பைய இறங்குங்க அண்ணே, நான் ஓட்டுதேன்" என்றாள் சங்கரி.

கோமதிசங்கர் பக்கத்துச் சீட்டுக்கு மாறினார். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. கருங்குளம், ஆழ்வார்திருநகரி எல்லாம் அவர் முழங்கால் இடுக்கு வழியாகத்தான் தெரிந்தன. சித்ரலேகா பின்னால் வேனில் காலை நீட்டிக்கொண்டு சுகமாக வந்தாள். சொந்தக் காரில் பார்சல் மாதிரி போகிறோமே என்று அவருக்கு அழுகையே வந்தது. போகட்டும், மடி இருக்கிறது, அதை யாரும் பறிக்க முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அதற்கும் வந்தது சோதனை. மொட்டை மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் பையனை மடியில் வாங்கினார். அவன் மண்டபம் அதிர வீரிட்டான். வில்லாக வளைந்தான், வழுக்கினான், மாமன் மூக்கைப் பிடித்துத் திருகினான். நாவிதர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இப்படி ஆடினா நான் எங்க வைக்க?" என்றார். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பையனைக் கொடுத்தார்கள். அவன் அண்ணனை மிஞ்சினான்.

"நான் வேணா பிடிக்கட்டா?" என்று சிவசங்கரன் துண்டை உதறினார்.

"சும்மா இரும்வே!" கோமதிசங்கர் முகம் சிவந்தது. ஒரு விநாடிதான் யோசித்தார். "ஏட்டி சங்கரி, ஓடு! அந்தத் தொட்டிய அவுத்துக் கொண்டா!"

சீட்டு வந்தது. அதைத் தூக்கித் தன் மடியில் நட்டக்குத்தலாக வைத்து, பையனை அதற்குள் உட்காரவைத்து, பெல்ட்டை டக்கென்று பூட்டினார். பழகின இடம் கண்டதும் பையன் அழுகையை நிறுத்தினான். விரலைச் சப்பினான். நாவிதர் தலையை நனைப்பதற்குள் தூங்கியே போனான்.

"இது மடியில சேத்தியா?" என்று சிவசங்கரன் நாவிதரைக் கேட்டார்.

"பிள்ளை தொட்டியில இருக்கு, தொட்டி மாமன் மடியில இருக்கு. வேற எங்க இருக்குங்கிய?" என்றார் அவர், சிரைத்துக்கொண்டே.

இரட்டையர் இருவருக்கும் அப்படியே முடிந்தது. கோமதிசங்கருக்கு இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. காந்திமதியின் சீட்டையும் கொண்டுவரப் போனாள் சங்கரி. அந்தக் குட்டி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தானே நடந்து வந்து, மாமன் மரத்துப்போன மடியில் ஏறி உட்கார்ந்தாள். இடப்பக்கம் தடவினாள், வலப்பக்கம் தடவினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, பெல்ட் எங்க?"

கோமதிசங்கர் இரண்டு கைகளையும் அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, விரல்களைக் கோத்து, வாயாலேயே "டக்" என்றார்.

அவள் அந்த விரல்களை, மாமன் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதுபோலவே, இழுத்து இழுத்துப் பார்த்தாள். அவிழவில்லை. சரி என்று தலையைக் குனிந்து கொடுத்தாள்.