மங்களம் இல்லாத கேசட்

லைன்மேனாகக் கம்பம் ஏறிப் பிழைத்தவன் நான். கரண்டைத் தவிர, கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்பினதில்லை. சாமியாடிகளைக் கேலி பண்ணி என் பெண்டாட்டி செண்பகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கே கிடையாது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

போன கார்த்திகையில் செண்பகத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. திரும்ப வருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கொடையில் அவள் குலவை போட்டால் மைக்செட்டே வேண்டாம், தெருக்கோடி வரை கேட்கும். அந்த வாயில் இப்போது கஞ்சி ஊட்டித் துடைத்துவிடுகிறேன். ஒரு வார்த்தை, என்னைத் திட்டுகிற வார்த்தையாகவே இருக்கட்டும், கேட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

இப்போது குற்றாலத்துக்குப் பக்கம் மேலகரத்தில் எங்கள் வீடு. அவள் கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். அங்கேதான் என் கேசட் அலமாரிகள், சக்கர நாற்காலி திரும்பக்கூட இடமில்லை. சென்னையில் இருக்கும் மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

“எப்பா, இத்தன கேசட்ட வச்சிக்கிட்டு என்ன செய்யுதீய? ஆன்லைன்ல போட்டு விடுங்க. கேக்குதவன் வாங்கிட்டுப் போவான்.”

நியாயம்தானே. சாரல் அடிக்கிற மாசத்தில் நாடாவில் பூஞ்சை வேறு பிடிக்கும். ஒவ்வொன்றாய்ப் படம் எடுத்துப் போட்டேன், மளமளவென்று போயின. பெங்களூரில் இருக்கும் நம்ம பக்கத்துத் தம்பி ஒருவர் வில்லுப்பாட்டு கேசட்டை மட்டும் கேட்டார். “அண்ணாச்சி, பாடுதான்னு தெரியணும்லா. ஒரு சின்ன வீடியோ அனுப்புங்க” என்றார்.

அது நானே எங்கள் ஊர்க் கொடையில் பதிந்தது. சனமெல்லாம் அம்மனைப் பார்க்க, நான் மட்டும் டேப் ரெக்கார்டரோடு வில்லுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மனை அழைக்கிற வரத்துப் பாட்டைத் தொடங்கிவிட்டால், மங்களம் பாடி அனுப்பிவைக்காமல் வில்லை இறக்க மாட்டார்கள். அன்றைக்கும் பாடினார்கள், ஆனால் அதற்குள் என் பேட்டரி தீர்ந்துபோனது. பதியும்போது நாடா தளர்ந்து ஓடியதால், போட்டுக் கேட்டால் வரத்துப் பாட்டு முடிகிற இடத்தில் குரல் வேகமெடுத்துக் கீச்சிட்டு, பொசுக்கென்று அறுந்துவிடும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். விற்கிற இடத்திலும் ‘மங்களம் பதிவாகவில்லை’ என்று ஒளிக்காமல் எழுதியிருந்தேன்.

நல்ல மத்தியானம். வெளியே சாரல், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. செண்பகம் கட்டிலில் கிடந்தாள். செல்போனை வீடியோவில் போட்டுச் சாய்த்துவைத்து, வரத்துப் பாட்டிலிருந்து கொஞ்சம் ஓடவிட்டேன். ‘வாராளே’ என்று வில்லுக்காரர் இழுக்கும்போது, இது போதும் என்று வீடியோவையும் டேப்பையும் நிறுத்தினேன்.

முதுகுக்குப் பின்னால் குலவைச் சத்தம்.

திரும்பினேன். கஞ்சியைக்கூட ஒழுங்காக விழுங்கத் தெரியாத அந்த நாக்கு, கொடையில் போடுவாளே, அதே குலவையைப் போட்டது. போட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

“எதுக்கு நிப்பாட்டுனீய? வரச் சொல்லிட்டு பாதியில விட்டா அவ எங்கன போவா? போடுங்க.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “செம்பகம், பேசுதியாட்டி?” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். நான் போட்டேன்.

ஹை டென்ஷன் லைனுக்குக் கீழே நின்றால் கை மயிர் நட்டுக்கொள்ளும், அறை முழுக்க அப்படி இருந்தது. பாட்டு அறுந்துபோகிற இடம் வந்தது. கீச்சிடவில்லை, சத்தியமாய்ச் சொல்கிறேன், அறுந்துபோகவில்லை. அதே வில்லுக்காரர் அதே குரலில் தொடர்ந்து பாடினார். ஊரை வாழ்த்தி, பிள்ளைகுட்டிகளை வாழ்த்தி, மங்களம் பாடி, அம்மனைப் போய்வரச் சொன்னார். நான் என்னை அறியாமல் கைகூப்பி நின்றேன். பயம் என்று சொல்ல முடியாது. அத்தனை பெரிய ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றதில்லை, அவ்வளவுதான். டேப் தானாக நின்றது.

“போயிட்டா” என்றாள் செண்பகம். கண்ணை மூடிக்கொண்டாள்.

அதோடு சரி. இன்றுவரை ஒரு சொல் இல்லை. மகளிடம் சொன்னேன், “அசதியில கண்ணசந்திருப்பீய, எப்பா” என்றாள். மறுநாள் அந்தக் கடைசித் துண்டை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். எப்போதும்போலக் கீச்சிட்டு அறுந்தது. வீடியோவும் ‘வாராளே’யோடு முடிகிறது.

மற்ற கேசட்டெல்லாம் போய்விட்டது. இது ஒன்றை விற்கவில்லை. அந்தத் தம்பி இன்னும் கேட்கிறார், பதில் போடுவதில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு ஆசை. மறுபடி போட்டுப் பாதியில் நிறுத்தினால் என்னைத் திட்டுவதற்காவது அவள் பேசுவாள். ஆனால் இந்த முறை மங்களம் வராவிட்டால்? வந்தவள் எங்கே போவாள்?

ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் கேசட்டைச் சொருகி, பட்டனில் விரலை வைத்துவிட்டேன். வைத்தபடியே திரும்பிப் பார்த்தேன். செண்பகம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியாட்கள் வந்தால் பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டை இழுத்துப் போடுவார்களே, அதுமாதிரி மெதுவாக எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். விழுந்துபோன அந்த வலது கையால்.

விரலை எடுத்துவிட்டேன்.