ஜவ்வு

எனக்குப் பொறுமை கிடையாது. வெளியே கிளம்பும்போது மனைவி செருப்பைத் தேடினாலே, "ஏன்டி ஜவ்வு மாதிரி இழுக்குற?" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் என் வாய்ப்பாடு. அவளும் சிரித்துக்கொண்டே ஓடி வருவாள்.

போன தைப்பூசத்தன்று விராலிமலையில் படியேறும்போது கால் மடங்கி விழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கடை திறக்கிற அவசரம். "எந்திரி, ஜவ்வா இழுக்காத. பின்னாடி கூட்டம் வருது பாரு" என்றேன். எழுந்தாள். உச்சிவரை ஏறி, என் பின்னாலேயே இறங்கியும் வந்தாள். அதன்பிறகு விந்தி விந்தித்தான் நடந்தாள். நான் தைலம் வாங்கிக் கொடுத்ததோடு சரி.

ஆடி பிறந்ததும் அவளால் காலை ஊன்றவே முடியவில்லை. திருச்சிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "முட்டி ஜவ்வு கிழிஞ்சு போயிருக்கு" என்றார். எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

லேசரால் சரிசெய்யலாம், அதை ஒரு ரோபோ கைதான் பிடிக்கும், மனிதக் கை மாதிரி நடுங்காது என்று விளக்கினார். காயம் புதிதென்றால் ஓரத்தைச் சீராக்கினால் போதுமாம். பழசென்றால் சுற்றிலும் தேய்ந்திருக்கும், வேலையே வேறு.

"எப்ப இருந்தும்மா வலி?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இப்பத்தாங்க, ஒரு மாசமா. வீட்ல வழுக்கி விட்டுருச்சு."

நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் அவளிடமே பாய்ந்தேன். "ஏன் பொய் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் அடுத்த ஆள் போய்விட்டார். அதையே சாக்காக வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆபரேஷன் அன்று அவளுக்கு அந்த மெஷினை நினைத்துத்தான் பயம். "அதுக்குக் கோவம் வருமாங்க?" என்று கேட்டாள்.

"வராது."

"அப்பச் சரி" என்றாள்.

சொன்னதைவிட அதிக நேரம் ஆனது. டாக்டர் வெளியே வந்து, "பழைய காயம் சார். ரோபோ உள்ள அளந்து காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. முடிஞ்ச வரைக்கும் சரி பண்ணிருக்கோம். நடப்பாங்க, ஆனா மலை ஏறுறதெல்லாம் கஷ்டம். விழுந்த கையோட கூட்டி வந்திருந்தா..." என்று நிறுத்திவிட்டுப் போனார். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாவி நான், அன்றைக்கே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவள் கண் விழித்தபோது பக்கத்தில் நின்றேன். காலைப் பற்றித்தான் முதலில் கேட்பாள் என்று பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். நாக்குக் குழறியபடி அவள் கேட்டாள்:

"டாக்டரு ஒங்கள ஒண்ணும் சொல்லலையே?"